தோற்பையும் தோட்பையும்

அக்குறணையிலிருந்து ஒரு மாலை எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் தமிழ் படித்த மாணவர். இன்று அவரும் ஓர் ஆசிரியர். "சேர், கமரா கொண்டு போக ஒரு தோள்பை வாங்கவேணும். எது நல்லது என்று நீங்கதான் சொல்லணும்" என்றார். வெளியே பெய்த மழையின் இரைச்சலில் அது என் செவிக்குத் 'தோல்பை' என்று விழுந்தது. "தோலா? தம்பி, கண்டிச் சீமையில் இருந்துகொண்டு தோலை நினைக்கவும் கூடாது" என்று தொடங்கிப் பத்து நிமிட நேரம் பிரசங்கம் செய்துவிட்டேன். முற்றுங் கேட்டபின், அவர் அடக்கமாக, "சேர், நான் சொன்னது தோளில் போடுற பை" என்றார்.

இலக்கணம் கற்றவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வரக் கூடாது. தோலும் பையும் சேர்ந்தால் தோற்பை. தோளும் பையும் சேர்ந்தால் தோட்பை. புணர்ச்சி விதியைப் பேணி அவர் 'தோட்பை' என்று சொல்லியிருந்தால் என் பிரசங்கம் மிஞ்சியிருக்கும். ஆனால் அப்படிப் பேசுகிறவரை இக்காலத்தில் எந்தக் கடைக்காரர் மதித்துப் பை எடுத்துக் காட்டுவார்?

பிரசங்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியத் தொழிலில் சேர்ந்த புதிதில், சேமித்த பணத்தைக் கொண்டு பழைய கமரா ஒன்று வாங்கினேன். அதனோடு பழுப்பு நிறத் தோலுறை ஒன்றும் வந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட்டு. மூடும்போது 'டக்' என்று ஒரு பித்தளைப் பொத்தான். கமராவைவிட அந்த உறையின்மீதே எனக்குப் பிரியம் அதிகம் என்று சொன்னாலும் பொய்யில்லை. வெளியே போகாத நாள்களில் கமராவை அதற்குள் இட்டு, அலுமாரியின் உள்ளறையில் துணிமணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிடுவேன். ஒரு பருவமழைக் காலம் முழுதும் அது வெளியே வரவில்லை. மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தேன். உறையின்மேல் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம். துடைத்தேன், போயிற்று. கமராவின் வில்லைக்குள்ளே பார்த்தேன். சிலந்தி வலையின் ஒரு மூலையைக் கண்ணாடிக்குள் வைத்து அடைத்தாற்போல் நுண்ணிய இழைகள். அவை துடைத்தால் போகிறவை அல்ல. திருத்துநர் ஒருவர் வில்லையைக் கழற்றிக் கழுவினார். இழைகள் நீங்கின, அவை கண்ணாடிமேல் அரித்த தடம் நீங்கவில்லை. அன்றுமுதல் நான் எடுத்த படங்களிலெல்லாம் ஒளிக்கு எதிரே ஒரு மெல்லிய பனி படர்ந்திருந்தது. "கள்ளன் உறையில் இருந்திருக்கிறான்" என்றார் அத்திருத்துநர்.

தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் பொருள். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65 அல்லது 70ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சணத்தின் வித்து முளைக்கத் தொடங்கும். இருளும் காற்றோட்டமின்மையும் அதற்குத் துணை. பூஞ்சணம் தன் வளர்ச்சியிலே வெளியிடும் அமிலமே வில்லையின் பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கிறது. கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆண்டின் பெரும்பகுதி காற்று அந்த அளவைக் கடந்தே இருக்கின்றது. ஆகவே, ஐரோப்பியக் குளிர்காற்றுக்கெனச் செய்த தோலுறையை நம் மலைநாட்டு அலுமாரியில் வைப்பது, கமராவை வித்தோடு சேர்த்து நாற்றுமேடையில் நட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

இதையெல்லாம் கேட்டபின் மாணவர் தம் காரியத்தைச் சொன்னார். அது கேளிக்கைக் காரியமன்று. அக்குறணை, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில், ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஊரை ஒட்டி ஓடுவது பிங்கா ஓயா. மழை மிகுந்தால் அந்த ஓடை கரைகடந்து கடைவீதிக்குள் புகுவதும், வணிகர்கள் பண்டங்களை மேல்தட்டுக்கு ஏற்றுவதும் அவ்வூரார் பலமுறை கண்ட காட்சி. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டம் பட்ட துயரத்தை நாடே அறியும். அதன்பின் அவருக்கு ஓர் எண்ணம் எழுந்திருக்கிறது. ஊரின் பழைய வீடுகளில் தாத்தன் காலத்துக் காணி உறுதிகள், திருமணப் பதிவுத் தாள்கள், வணிகக் கணக்கேடுகள், அரபுத் தமிழில் எழுதிய கையேடுகள் ஆகியவை இருக்கின்றன. நீரோ மண்ணோ கொண்டு போகுமுன் அவற்றைப் படம் எடுத்து வைக்க வேண்டும். விடுமுறை நாள்களில் பஸ்ஸிலும் நடந்தும் வீடு வீடாகச் செல்ல வேண்டும். "கமரா இருக்கு சேர். கொண்டு போகத்தான் வழி இல்லை" என்றார்.

அந்தச் சொல் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. நிழற்படக் கலையின் வரலாற்றில் பாதி, கொண்டு போவதற்கு வழி தேடிய வரலாறேயாகும்.

அவர் குடியிருக்கும் அதே வீதியை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து வடக்கே, மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை என்று நீளும் பழைய வழி அது. 1860களில் கண்டியில் படப்பிடிப்பு நிலையம் நடத்திய ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர், தொல்பொருட் குழுவினரின் பொருட்டு 1870, 1871ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படம் எடுத்தார். கண்டியிலிருந்து புறப்பட்டவர் அக்குறணை வழியே சென்றிருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் பெரிய தவறு இராது. அவர் எதைத் தூக்கிச் சென்றார் தெரியுமா?

அது ஈரத்தகட்டு முறையின் காலம். 1851இல் பிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட அம்முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்பி, இருட்டிலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவில் இட்டுப் படம் பிடித்து, ஈரம் காயுமுன்னரே மீண்டும் இருட்டில் துலக்கி முடிக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். படத்தைப் பெருப்பித்து அச்சிடும் வசதி பெரும்பாலும் இல்லாத காலமாதலால், எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும். ஆகவே ஒரு மரக் கமரா, முக்காலி, பெட்டி பெட்டியாகக் கண்ணாடித் தகடு, ஈதர், சாராயம், அமிலம், வெள்ளி உப்பு, இருட்டுக் கூடாரம், கழுவுவதற்குத் தூய நீர் என்று ஓர் இரசாயனக் கூடமே காட்டுக்குள் பெயர்ந்து செல்ல வேண்டியிருந்தது. வெப்பத்தில் ஈதர் ஆவியாகிவிடும். தூசி பட்டால் தகடு கெடும். வண்டி குலுங்கினால் கண்ணாடி உடையும். லோட்டன் நோயுற்று 1872இல் இங்கிலாந்து திரும்பி அதே ஆண்டில் மறைந்தார். காயவைத்த ஜெலற்றின் தகட்டை ரிச்சட் மடொக்ஸ் என்னும் மருத்துவர் உலகுக்கு அறிவித்தது 1871இல். இருட்டுக் கூடாரத்தைத் தூக்கி எறியச் செய்த கண்டுபிடிப்பு அது. இடிபாடுகளுக்கு நடுவே லோட்டன் கூடாரம் சுமந்துகொண்டிருந்த நாள்களிலேயே, கூடாரம் வேண்டாத காலம் பிறந்துவிட்டது! அதை நினைக்கும்போது அந்த மனிதர்மேல் ஓர் இரக்கம் உண்டாகிறது.

அவர் தனியர் அல்லர். தமிழகத்திலே 1857 முடிவிலும் 1858இலும் லின்னேயஸ் திரைப் என்னும் படை அதிகாரி சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராக மாட்டு வண்டிகளில் தம் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். மெழுகு தோய்த்த தாளை அவர் பெரிதும் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட சுருளாக்கியவர் அவரே. தமிழெழுத்தைக் கமராவினால் படியெடுத்துக் காக்கும் முயற்சிக்கு அது ஒரு முன்னோடி. அக்குறணை மாணவர் இன்று செய்ய முனைவதும் அதன் சிறிய வடிவமே. இமயமலையில் சாமுவேல் பூர்ன் 1863இல் ஏறியபோது ஏறத்தாழ முப்பது சுமையாளர்கள் உடன் சென்றனர். அம்முப்பது பேரின் முதுகும் ஒரு 'கமராப் பை'தான். அவர்கள் பெயர் படங்களின் கீழே அச்சாகவில்லை.

சுமையின் கதையில் ஒரு விசித்திரமும் உண்டு. புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான ஜூலியா மார்கரெற் கமரோன் 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தபோது, மூட்டைமுடிச்சுகளோடு தமக்கான சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார் என்றும், அவற்றுக்குள்ளே கண்ணாடிப் பொருள்களையும் பீங்கான்களையும் நிரப்பி வந்தார் என்றும் சொல்வார்கள். உடையும் பொருளை வைக்க இதைவிட உறுதியான பெட்டி கிடையாது என்பது உண்மையே. 1879இல் அவர் மலைநாட்டிலேயே, திக்கோயாவில், இறந்தார்.

1925இல் ஒஸ்கார் பார்னாக்கின் 'லைக்கா' விற்பனைக்கு வந்தது. சினிமாச் சுருளைப் பயன்படுத்திய அச்சிறு கமரா மாட்டு வண்டியைச் சட்டைப்பைக்குள் சுருக்கிவிட்டது. அத்தோடு சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் சுமை குறைந்த இடத்தில் ஆசை புகுந்தது. தூரத்துக்கு ஒரு வில்லை, அகலத்துக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று, மின்வெளிச்சத்துக்கு ஒரு பெட்டி என்று பை மீண்டும் வீங்கியது. இன்று நூறு பேர் விரும்பி வாங்கும் பெரிய தொலைவு வில்லை ஒன்றே ஒன்றரைக் கிலோகிராம் வரை நிறுக்கும். கமராவும் இன்னொரு வில்லையும் முக்காலியும் சேர்த்தால் ஐந்து கிலோ. அதைத் தாங்கும் தடித்த பை தானே இரண்டு கிலோ. வெறும் பையைக் கடையில் தூக்கிப் பாராமல் வாங்குகிறவர்கள், முதல் நாளே ஏழு கிலோவைத் தோளில் ஏற்றி, மூன்றாம் நாள் கமராவை வீட்டில் விட்டுச் செல்லத் தொடங்குகிறார்கள்.

பத்திரிகைக்காரர்கள் இதை விரைவில் உணர்ந்தார்கள். 1970களில் பிலடெல்பியாப் பத்திரிகை ஒன்றில் பணிசெய்த ஜிம் டொம்கி என்னும் படப்பிடிப்பாளர், விறைத்த பெட்டிகளால் சலிப்புற்று, உடலோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய கன்வஸ் பை ஒன்றைத் தாமே வகுத்தார். அது பின்னர் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் 1973இல் மார்ட்டின் பில்லிங்காம் மீன்பிடிப்போருக்கென ஈரம் புகாத பைகளைச் செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து, நியூயோர்க்கில் அப்பைகளை வாங்குவோர் மீனவரல்லர், கமராக்காரரே என்று அறிந்தபின்புதான் அந்நிறுவனம் கமராப் பை செய்யும் நிறுவனம் ஆயிற்று. இரு துணிகளுக்கு இடையே ரப்பர்த் தகடு ஒட்டிய அதன் துணி புகழ்பெற்றது. மீன் வைக்கச் செய்ததில் கமரா வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நல்ல பை கமராக் கடையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவ்வகைப் பைகளின் விலை நம் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது. ஆகவே அப்பேச்சை இவ்வளவில் விடுகிறேன்.

அடுத்த ஞாயிறு நானே பஸ் ஏறி அக்குறணைக்குச் சென்றேன். மாணவர் மூன்று பைகளைக் கடைகளில் பார்த்துவைத்திருந்தார். ஒன்று அழகிய பெட்டி. பிளாஸ்ரிக் ஓடு, ரப்பர் விளிம்பு, அழுத்தி மூடினால் ஒரு துளி நீரும் புகாது. அதிலேதான் அவருக்கு நாட்டம். வெள்ளம் வரும் ஊரில் பிறந்தவருக்கு வேறெதில் நாட்டம் வரும்?

அப்போது அங்கே அமர்ந்திருந்த அவருடைய உறவினர் ஒருவர் வாய் திறந்தார். மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் பழைய வணிகர். ஊரில் எல்லாரும் 'ஹாஜியார்' என்று அழைப்பார்கள். "மாஸ்டர், நான் கமராவைப் பற்றிப் படிக்கயில்ல. மிளகைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்" என்று தொடங்கினார். "பச்சை வாசி போகாத மிளகைத் தண்ணி புகாத பொலித்தீனுக்குள்ள போட்டுக் கட்டினா என்ன நடக்கும்? வெளித் தண்ணி உள்ளுக்கு வராது, சரி. உள் தண்ணி வெளியால போகவும் வழி இல்லையே! பத்து நாளில அவிழ்த்தா வெள்ளை பூத்திருக்கும். அதே மிளகு நல்லாக் காய்ஞ்சதா இருந்தா, கட்டி வைக்கிறதுதான் நல்லது. பையில குற்றமில்லை. கட்டுற நேரத்தில குற்றம்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லையைக் கெடுத்து, பணத்தைத் தொலைத்து, நூல்களைப் புரட்டி நான் கற்றதை, மிளகுச் சாக்கின் பக்கத்தில் இருந்தபடியே அவர் கற்றிருக்கிறார். மழையில் நனைந்து வந்த கமராவை ஈரத்தோடு அந்த ஓட்டுப் பெட்டிக்குள் மூடினால், அது என் தோலுறையைவிட விரைவாகக் கெடுக்கும். ஈரம் புகாத பெட்டி ஈரம் போகாத பெட்டியும் ஆகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நக்கிள்ஸ் மலையின் பனிமூட்டத்தில் குளிர்ந்த கமராவை வெப்பமான வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால், குளிர்நீர்க் குவளையின் புறத்தே வியர்ப்பதுபோல் வில்லையும் வியர்க்கும். அவ்வேளையில் பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்து, வீட்டின் வெப்பநிலைக்கு வந்தபின் திறக்க வேண்டும். திறந்தபின் கமராவைப் பையிலே வாழவிடக் கூடாது. பை பிரயாணத்துக்கு, குடியிருப்புக்கு வேறிடம். இறுக மூடும் சாதாரணப் பிளாஸ்ரிக் டப்பா ஒன்றில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளையும் ஈரப்பதன் காட்டும் சிறு மானி ஒன்றையும் வைத்து, அளவு 40க்கும் 50க்கும் இடையே நிற்கப் பார்த்துக்கொண்டால் போதும். நீலநிற மணிகள் ஈரம் ஏற ஏற இளஞ்சிவப்பாகும். இளஞ்சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். அரிசியில் புதைத்து வைப்பது சிலர் வழக்கம். அரிசித் தூள் கமராவின் இடுக்குகளில் புகுவதே அதனால் கண்ட பயன்.

"அப்ப எந்தப் பை சேர்?" என்றார் மாணவர். இவ்வளவும் பேசியும் பை வாங்கியபாடில்லை.

அவர் மகன் பள்ளிக்குக் கொண்டு செல்லும் முதுகுப்பை ஒன்று கதவோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பழையது, கழுவக்கூடிய துணி, இரு தோளுக்கும் பட்டை. ஐந்து கிலோவை ஒரே தோளில் மாட்டி மேட்டிலும் பள்ளத்திலும் நாள் முழுதும் ஏறுவதைவிட, இரு தோளுக்கும் பகிர்வதே உடம்புக்கு நல்லது. ஆனால் முதுகுப்பையில் ஒரு குறை: நெரிசலில் அதன் வாய் பிறர் கைக்கு எட்டும். பெரஹரா இரவில் கண்டி வீதியில் நின்றவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அவ்விடத்தில் பையை மார்புப் பக்கம் திருப்பி மாட்டிக்கொள்வதே வழி. மற்றபடி, கமரா இருக்கிறதென்று ஊருக்குப் பறைசாற்றாத பை அது. பழைய வீடுகளின் வாசலில் நிற்கும்போதும் அதுவே நல்லது. பளபளக்கும் கருவிப் பெட்டியோடு வந்தால் காணி அளக்க வந்தவர் என்று எண்ணி உறுதியை ஒளித்துவிடுவார்கள்!

உள்ளறைதான் வேண்டும். கடைவீதியில் முச்சக்கர வண்டிகளுக்கு இருக்கை தைக்கும் குஷன் கடை ஒன்றுக்குச் சென்றோம். தையற்காரர் முதலில் இருக்கைக்கு வைக்கும் ஸ்பொஞ்சை எடுத்தார். அது நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; வேண்டாம் என்றேன். காலணி அடிக்கு வைப்பதுபோன்ற, நீர் உறிஞ்சாத அடர்ந்த நுரைத் தகடு தேடி எடுத்தார். அதை அரை அங்குலத் தடிப்பில் வெட்டி, வெளிர் நிறத் துணி போர்த்து, மூன்று அறைகள் உள்ள பெட்டியாகத் தைத்தார். கறுப்புத் துணியில் கறுப்பு மூடி விழுந்தால் தேடுவது கடினம் என்பதனால் வெளிர் நிறம். பெட்டியைப் பையிலிருந்து முழுதாக வெளியே எடுக்கலாம். பையைத் துவைத்து வெயிலில் போடலாம். மழைக்கு ஒரு பொலித்தீன் உறை, மடித்து வெளிப்பையில். கமராவும் இரண்டு வில்லைகளும் அதில் அடங்கின. மூன்றாம் வில்லையை வீட்டில் வைக்கும்படி சொன்னேன். தாளைப் படம் எடுக்க யானைத்தும்பிக்கை போன்ற வில்லை எதற்கு? சிறிது மனவருத்தத்தோடு இசைந்தார்.

மாலையில் முதல் வீட்டுக்கு நானும் சென்றேன். ஓடைக்கு அண்மையில் உள்ள பழைய வீடு. சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. வயது முதிர்ந்த உம்மா ஒருவர் கட்டிலின் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். அதற்குள்ளே பழஞ்சீலையில் சுற்றிய உறுதிகள். மடிப்புக்கு மடிப்பு நாலைந்து கராம்பு. பூச்சி வராமல் அவருடைய மாமியார் காலத்தில் இட்ட வழக்கமாம். மாணவர் யன்னலோரம் பாய் விரித்து ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்தார். உம்மா எல்லாவற்றையும் பார்த்திருந்துவிட்டு, "மகன், தண்ணி வந்தா நான் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு ஓடுவன். நீங்க எடுத்த படம் எங்க ஓடும்?" என்று கேட்டார்.

மாணவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் பையைப் பற்றி நினைத்திருந்தோமே தவிர, இதை நினைக்கவில்லை. அவருடைய வீடும் அதே ஓடையோரத்தில்தான் இருக்கிறது. கமராவிலிருந்த நினைவுத் தகட்டைத் தம் கணினியில் ஒரு படி இறக்கிக்கொண்டு, இரவு பஸ் ஏறுமுன் அத்தகட்டை என் கையில் தந்தார். பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. கண்டியில் மேட்டில் இருக்கும் என் வீட்டில் ஒரு படி இருக்கட்டும் என்றார். உம்மா கொடுத்த கராம்பு இரண்டோடு அதைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடக்கையில் மழை பிடித்தது. கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்தியபடி நின்ற என்னை, நெஞ்சு நோகிறதாக்கும் என்று எண்ணி, இளைஞர் ஒருவர் எழுந்து தம் ஆசனத்தைத் தந்தார்.